பால் லாம்பர்ட்: ஜிடேனுக்குக் காவல் இருந்த ஸ்காட்லாந்துக்காரர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த பால் லாம்பர்ட்? எதற்காக இவருக்கு இவ்வளவு நீளப் பக்கம்?

1990-களில் கால்பந்து பார்த்தவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் யோசிப்பார்கள். 'சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல பிரான்ஸ் நட்சத்திரம் ஜிடேனைப் பிடிச்சு வெச்சிருந்தாரே' என்று சொன்னால், 'ஆமா, அந்த ஸ்காட்லாந்துக்காரர்!' என்பார்கள். பெயரை மறந்தாலும் அவர் செய்த வேலை நினைவில் நிற்கிறது.

செயின்ட் மிரன், மதர்வெல், போருசியா டோர்ட்முண்ட், செல்டிக் என்று நான்கு பெரிய கட்டங்கள் அவருடைய ஆட்ட வாழ்க்கையில் உண்டு. ஸ்காட்லாந்துக்காக 40 ஆட்டங்கள் ஆடியவர். சூனஸ், டால்கிலிஷ் வரிசையில் அவரை யாரும் வைப்பதில்லை, நானும் வைக்கமாட்டேன். ஆனால் 26 வயதில் கையில் ஒப்பந்தம் இல்லாமல் நின்ற ஒருவர், அடுத்த மே மாதம் ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பையைத் தூக்கிய கதை வேறு யாரிடமும் இல்லை.

எங்கே பிறந்து வளர்ந்தவர்?

1969 ஆகஸ்ட் 7-இல் பிறந்தவர். வளர்ந்தது கிளாஸ்கோவுக்கு மேற்கே உள்ள லின்வுட். 1963-இல் ஒரு கார் தொழிற்சாலை வந்ததால் பெருத்த ஊர் அது. ஹில்மன் இம்ப் என்ற குட்டிக் கார் அங்கேதான் தயாரானது. 1981-இல் தொழிற்சாலையை மூடினார்கள். ஒரே ஆலையை நம்பி இருந்த ஊரில் ஆலை மூடினால் என்ன ஆகும் என்று நம் ஊர் மில் தெருக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்போது லாம்பர்டுக்கு 11 வயது.

பக்கத்து ஊர் பெய்ஸ்லி. அங்கே செயின்ட் மிரன் கிளப். அங்கேதான் தொடங்கினார்.

17 வயதிலேயே கோப்பை வென்றார் என்கிறார்களே?

உண்மைதான். 1987 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம், ஹாம்ப்டன் பார்க். எதிரே டண்டீ யுனைடெட், அந்த சீசனில் யூஃபா கோப்பை (ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைக் கோப்பை) இறுதி வரை போன அணி. கூடுதல் நேரத்தில் இயன் ஃபெர்குசன் அடித்த ஒரே கோலில் செயின்ட் மிரன் வென்றது. அந்த அணியில் எல்லோரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். அப்படி ஓர் அணி அந்தக் கோப்பையை வென்றது அதுவே கடைசி முறை. அந்தக் கூட்டத்தில் 17 வயதுப் பையன் லாம்பர்ட்.

முதல் படியிலேயே கோப்பை கிடைத்துவிட்டால் இனி வருஷா வருஷம் கிடைக்கும் என்றுதான் எந்தப் பையனும் நினைப்பான். அடுத்த பெரிய கோப்பைக்கு அவர் பத்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பத்து வருஷம் என்ன செய்தார்?

ஆடினார். அவ்வளவுதான், சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. செயின்ட் மிரன் 1992-இல் இரண்டாம் மட்டத்துக்கு இறங்கியது. 1993-இல் மதர்வெல் அவரை வாங்கியது. அது இரும்பு ஆலை ஊர். அந்த ஆலையும் அதற்கு முந்தைய வருஷம்தான் மூடப்பட்டிருந்தது. 1994-95 சீசனில் அலெக்ஸ் மெக்லீஷின் கீழ் மதர்வெல் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. ரேஞ்சர்ஸ் கொடிகட்டிப் பறந்த காலத்தில் மதர்வெல் மாதிரி ஒரு சின்ன கிளப்புக்கு அது சாதனை.

அதே சீசனில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யூஃபா கோப்பையில் மதர்வெலுக்கு எதிராக வந்தது டோர்ட்முண்ட். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 3-0 என்று டோர்ட்முண்ட் சுலபமாக ஜெயித்தது. தோற்ற அணியின் நடுக்களத்தில் லாம்பர்ட் இருந்தார்.

அப்படியானால் டோர்ட்முண்ட் அப்போதே அவரைப் பார்த்து வைத்து, பிறகு தேடி வந்து வாங்கியதா?

அப்படி நடந்திருந்தால் கதை அழகாக இருக்கும். நடந்தது வேறு. 1996 கோடையில் மதர்வெலுடன் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்காமல் வெளியே வந்தார். ஹாலந்தில் பிஎஸ்வி கிளப்பில் டிரையல் போனார், ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அடுத்து டோர்ட்முண்டில் டிரையல்.

டிரையல் என்றால் தெரியும்தானே. பள்ளிப் பையன்கள் பூட்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், கோச் பார்க்க ஆடிக் காட்டுவார்களே, அதேதான். 26 வயதில், பத்து வருஷம் முதல் அணியில் ஆடியவர் இதைச் செய்தார். அதுவும் 1995, 1996 இரண்டு வருஷமும் தொடர்ந்து ஜெர்மன் சாம்பியனாக வந்த கிளப்பில். சாமர், மோலர், கோலர் எல்லாம் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருக்க, ஜெர்மன் பேசத் தெரியாத ஒருவர் 'நானும் ஆடிப் பார்க்கிறேன்' என்று உள்ளே நுழைகிறார். கூச்சம் என்ற ஒன்று இருந்திருந்தால் லின்வுட்டிலேயே இருந்திருப்பார்.

கோச் ஒட்மார் ஹிட்ஸ்ஃபெல்டுக்குப் பிடித்துவிட்டது. ஒப்பந்தம் கிடைத்தது.

இதில் போஸ்மன் தீர்ப்பின் பங்கு என்ன?

மிகப் பெரியது. அதற்கு முன்பு ஐரோப்பாவில், ஒப்பந்தம் முடிந்த வீரருக்கும் பழைய கிளப் விலை கேட்கலாம். பெல்ஜியம் வீரர் ஜான்-மார்க் போஸ்மன் வழக்குப் போட, 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்துவிட்டால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு வீரர் இலவசமாகப் போகலாம். 'எங்கள் அணியில் இத்தனை வெளிநாட்டவர்தான்' என்ற வரம்பும் ஒன்றிய நாட்டு வீரர்களைப் பொறுத்தவரை உடைந்தது.

ஆறே மாதத்தில் அந்தக் கதவு வழியாக நடந்து போனவர்களில் லாம்பர்ட் ஒருவர். மதர்வெலுக்கு ஒரு பவுண்டுகூட வரவில்லை. விலை இருந்திருந்தால் டோர்ட்முண்ட் அவரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். இன்னொரு ஸ்காட்லாந்து நடுக்கள வீரர் ஜான் காலின்ஸும் அதே கோடையில் செல்டிக்கை விட்டு மொனாக்கோ போனார், அடுத்த வருஷமே பிரெஞ்சு லீக்கை வென்றார். 1996-97 ஸ்காட்லாந்து நடுக்களத்துக்கு ஒரு பொற்காலம், ஆனால் நடந்ததெல்லாம் ஸ்காட்லாந்துக்கு வெளியே.

டோர்ட்முண்டுக்குப் போன முதல் ஸ்காட்லாந்துக்காரர் இவர்தானா?

இல்லை. முர்டோ மெக்லியட் 1987-இல் செல்டிக்கிலிருந்து அங்கே போய், 1989 ஜெர்மன் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். அவரும் நடுக்கள வீரர்தான். டோர்ட்முண்ட் ரசிகர்களுக்கு ஸ்காட்லாந்துக்காரர் என்றாலே ஓடி உழைப்பவர் என்ற எண்ணம் அப்போதே விழுந்திருக்க வேண்டும். அந்த ஊரும் நிலக்கரி, எஃகு என்று உழைத்துப் பிழைத்த ஊர்.

தற்காப்பு நடுக்கள வீரர் என்றால் சரியாக என்ன வேலை?

மதர்வெலில் லாம்பர்ட் முன்னும் பின்னும் ஓடி ஆடும் நடுக்கள வீரர். அவரைப் பின்னுக்கு இழுத்து, டிஃபெண்டர்களுக்கு முன்னால் நிறுத்தியது ஹிட்ஸ்ஃபெல்ட். அந்த இடத்தின் வேலை நம் கல்யாண வீட்டுப் பந்தியை மேற்பார்க்கிறவரின் வேலை மாதிரி. அவர் பரிமாறமாட்டார், சமைக்கமாட்டார். ஆனால் எந்த இலையில் சாம்பார் தீர்ந்தது, எந்த வரிசையில் ஆள் இல்லை என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். இல்லாவிட்டால் பத்து நிமிஷத்தில் சத்தம் கிளம்பும்.

களத்தில் அதற்கு என்ன பொருள் என்றால்: நம் அணி பந்தை இழந்ததும் எதிரி ஓடி வரும் பாதையை அடைப்பது, பந்தைப் பறித்தால் வீரம் காட்டாமல் பத்து அடி தள்ளி நிற்கும் சக வீரருக்குக் கொடுப்பது, விங்-பேக் (ஓரத்தில் ஆடும் தற்காப்பு வீரர்) மேலே ஏறினால் அவர் விட்டுப் போன ஓட்டையில் போய் நிற்பது. லாம்பர்டின் பாஸ்கள் ரொம்பக் குட்டையாக, ரொம்பச் சாதாரணமாக இருக்கும். அவர் பக்கத்திலே பாவ்லோ சௌசா, அவருக்கு முன்னால் ஆந்திரயாஸ் மோலர். பந்து அவர்களிடம் போய்ச் சேர்ந்தால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். தன் எல்லை தெரிந்த ஆட்டக்காரர்.

இறுதி ஆட்டம் வரை எப்படி வந்தார்கள்?

கால் இறுதியில் பிரான்சின் ஓசேர். அரை இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்: கான்டோனா, கீன், பெக்கம், கிக்ஸ் என்று இருந்த அணி. முதல் ஆட்டம் டோர்ட்முண்டில், 1-0. இரண்டாவது ஓல்ட் டிராஃபோர்டில், அங்கேயும் 1-0. இரண்டாவதில் எட்டாவது நிமிஷத்திலேயே லார்ஸ் ரிக்கன் கோல் அடித்துவிட, மிச்ச நேரம் முழுக்க மான்செஸ்டர் மோதிக்கொண்டே இருந்தது. கோலர் தரையில் விழுந்து கிடந்தபடியே காலை நீட்டி கான்டோனாவின் பந்தைத் தடுத்த காட்சி அந்த ஆட்டத்தில்தான். அந்த சீசன் முடிந்ததும் கான்டோனா ஓய்வு அறிவித்துவிட்டார்.

1997 மே 28 இரவு என்ன நடந்தது?

இடம் மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியம். எதிரே யுவென்டஸ், முந்தைய வருஷத்தின் சாம்பியன். அரை இறுதியில் அயாக்ஸை அவர்கள் வீட்டிலும் தங்கள் வீட்டிலும் அடித்துவிட்டு வந்திருந்தார்கள். மார்செல்லோ லிப்பி கோச். டிஷாம்ப், யூகோவிச், வியெரி, போக்சிச், நடுவில் ஜினெடின் ஜிடேன். டெல் பியரோ போன்ற ஆட்டக்காரரைப் பெஞ்சில் உட்காரவைக்கும் வசதி இருந்த அணி. டோர்ட்முண்ட் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டியவர்கள் குறைவு.

டோர்ட்முண்ட் பக்கம் ஒரு வேடிக்கை: கோலர், ரோய்டர், மோலர், சௌசா நால்வரும் முன்பு யுவென்டஸுக்கு ஆடியவர்கள். சௌசா போன வருஷம் யுவென்டஸுடன் இதே கோப்பையை வென்றவர்! பழைய முதலாளியைப் பழிவாங்க வந்த கூட்டம் மாதிரி இருந்தது. அவர்களுக்கு நடுவில் ஒரு வருஷத்துக்கு முன்பு டிரையல் வந்த லாம்பர்ட். ஹிட்ஸ்ஃபெல்ட் அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: ஜிடேனைப் பார்த்துக்கொள்.

தொடக்கத்தில் யுவென்டஸ்தான் அழுத்தியது. 29-வது நிமிஷம் டோர்ட்முண்டின் ஒரு கார்னர் முழுதாக விலகாமல் வலப்பக்கம் லாம்பர்டிடம் வந்தது. அவர் திரும்பவும் உள்ளே தூக்கிப் போட்டார். காற்றில் வந்த பந்தைக் கார்ல்-ஹைன்ஸ் ரீட்லே மார்பில் வாங்கி இறக்கி உள்ளே தள்ளினார். 1-0. காவலுக்கு நிறுத்திய ஆள் முதல் கோலுக்கு வழி செய்துவிட்டார். ஐந்து நிமிஷம் கழித்து மோலரின் கார்னரை ரீட்லே தலையால் முட்டினார், 2-0.

இடைவேளைக்குப் பிறகு டெல் பியரோ வந்தார். 65-வது நிமிஷத்தில் குதிகாலால் சீண்டி ஒரு கோல். அந்த கோல் தனி அழகு, எதிர் அணி ரசிகனாக இருந்தாலும் சபாஷ் போட வேண்டியது. இனி யுவென்டஸ் எழுந்துவிடும் என்று எல்லோரும் நினைத்த நேரம், 20 வயது ரிக்கனை ஹிட்ஸ்ஃபெல்ட் உள்ளே அனுப்பினார். களத்துக்குள் கால் வைத்துப் பதினாறு வினாடி. மோலர் பாஸ் கொடுக்க, கோல்கீப்பர் பெருஸ்ஸி முன்னால் நிற்பதைப் பார்த்து ரிக்கன் முதல் தொடுதலிலேயே தூரத்திலிருந்து பந்தைத் தூக்கி அவர் தலைக்கு மேல் வளைத்துப் போட்டார். 3-1. ரிக்கன் டோர்ட்முண்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் அந்த ஊரில் இன்றைக்கும் அந்த கோல்தான் பேச்சு.

ஜிடேன் அன்று ஒன்றுமே செய்யவில்லை, லாம்பர்ட் அவரை மொத்தமாக முடக்கிவிட்டார் என்பது சரியா?

கொஞ்சம் மிகை. ஜிடேனை 90 நிமிஷம் மொத்தமாக முடக்க யாராலும் முடியாது. பந்து அவர் காலுக்கு வந்தது, அழகாகத் திரும்பவும் செய்தார். லாம்பர்ட் செய்தது வேறு: ஜிடேன் பந்தை வாங்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார். கோலுக்கு முப்பது அடியில் வாங்க வேண்டியவர் நடுக்கோட்டருகே வந்து வாங்கினால், அவர் திரும்பி நிமிர்வதற்குள் முன்னால் நான்கு பேர் சேர்ந்துவிடுவார்கள். பந்தைப் பறிக்க லாம்பர்ட் அவசரப்படவில்லை. ஜிடேனிடம் அவசரப்பட்டுக் காலை நீட்டியவர்கள் எல்லாம் அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் போனதும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான். லாம்பர்ட் ஒரு கை தூரத்தில் நிழல் மாதிரி நின்றார், அவ்வளவே.

இதில் லாம்பர்டுக்கு மட்டும் மாலை போடுவதும் நியாயமில்லை. பின்னால் சாமரும் கோலரும் இருந்தார்கள். சாமர் அதற்கு முந்தைய டிசம்பரில் பாலோன் டோர் (வருஷத்தின் சிறந்த வீரர் விருது) வாங்கியவர். முன்னால் ஒருவர் தாமதப்படுத்தினால் போதும், பின்னால் இருப்பவர்கள் முடித்துவிடுவார்கள் என்ற ஏற்பாடு அது. அந்தத் தாமதப்படுத்தும் வேலையை அன்று அவ்வளவு பொறுமையாக வேறு யார் செய்திருப்பார் என்றால், எனக்கு ஒரு பெயரும் வரவில்லை.

ஜிடேன் கடைசியில் அந்தக் கோப்பையை 2002-இல் ரியல் மாட்ரிட்டுடன் வென்றார். இடக்காலால் காற்றிலேயே அடித்த அந்தப் பிரசித்தமான கோல் எந்த ஊரில் விழுந்தது தெரியுமா? கிளாஸ்கோவில். லாம்பர்ட் 17 வயதில் கோப்பை வென்ற அதே ஹாம்ப்டன் பார்க்கில்.

'சாம்பியன்ஸ் லீக் வென்ற முதல் பிரிட்டிஷ் வீரர்' என்கிறார்களே, லிவர்பூல் எல்லாம் முன்பே வென்றதே?

குழப்பம் பெயரில் இருக்கிறது. செல்டிக் 1967-இலும், பிறகு மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட், ஆஸ்டன் வில்லாவும் வென்றபோது அது ஐரோப்பியக் கோப்பை. 1992-இல்தான் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறியது. புதுப் பெயரில் வென்ற முதல் பிரிட்டிஷ் வீரர் லாம்பர்ட்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிவது இன்னொன்று: பிரிட்டனுக்கு வெளியே உள்ள ஒரு கிளப்புடன் இந்தக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் வீரரும் அவர்தான். பெரிய பெரிய ஆட்கள் முயன்று இறுதி ஆட்டத்தில் தோற்றிருக்கிறார்கள். கீகன் 1980-இல் ஹாம்பர்குடன், லாரி கன்னிங்காம் 1981-இல் ரியல் மாட்ரிட்டுடன், ஸ்டீவ் ஆர்ச்சிபால்ட் 1986-இல் பார்சலோனாவுடன், கிறிஸ் வாடல் 1991-இல் மார்செயுடன். இவர்களெல்லாம் பேரும் புகழுமாகப் பெரும் பணத்துக்கு வாங்கப்பட்டவர்கள். வென்றது இலவசமாக வந்தவர்.

அப்படி வென்றவர் ஏன் சில மாதங்களிலேயே ஜெர்மனியை விட்டு வந்தார்?

குடும்பம் ஊருக்குத் திரும்ப விரும்பியது என்பதுதான் காரணம். ஹிட்ஸ்ஃபெல்டும் 1997 கோடையிலேயே கோச் பொறுப்பை விட்டு நிர்வாகப் பக்கம் போய்விட்டார், நெவியோ ஸ்காலா கோச்சாக வந்தார். நவம்பரில் செல்டிக் சுமார் 20 லட்சம் பவுண்டு கொடுத்து லாம்பர்டை வாங்கியது. கடைசி ஆட்டத்தில் வெஸ்ட்ஃபாலன் ஸ்டேடியம் அவருக்குக் கொடுத்த வழியனுப்பு சாதாரணமானதல்ல. பதினாறு மாதம் மட்டும் இருந்துவிட்டுப் போகிறவருக்கு ரசிகர் கூட்டமான அந்த மஞ்சள் சுவரே எழுந்து நின்றது.

அதற்கு அடுத்த மாதம் டோக்கியோவில் டோர்ட்முண்ட் இன்டர்கான்டினென்டல் கோப்பையும் வென்றது. லாம்பர்ட் அப்போது கிளாஸ்கோ மழையில்.

செல்டிக்கில் எப்படி?

அவர் வந்த நேரம் முக்கியம். 1966 முதல் 1974 வரை செல்டிக் தொடர்ந்து ஒன்பது முறை லீக் வென்றது. 1997-இல் அதே ஊரின் எதிரணி ரேஞ்சர்ஸும் ஒன்பதைத் தொட்டுவிட்டது. பத்தாவதும் போனால் செல்டிக் ரசிகர்களுக்கு ஆயுசுக்கும் தலைகுனிவு. கோச் விம் யான்சனுக்கு நடுக்களத்தில் நிதானம் தேவைப்பட்டது.

1998 ஜனவரி 2, எதிரே ரேஞ்சர்ஸ். லாம்பர்ட் கோல் அடிக்கிற ஆளே இல்லை. அன்று தூரத்திலிருந்து ஒன்று விட்டார் பாருங்கள், மேல் மூலையில் போய்ச் செருகியது. செல்டிக் 2-0. கடைசி நாள் ஆட்டத்தில் செயின்ட் ஜான்ஸ்டனை வென்று லீக்கை எடுத்தார்கள், ரேஞ்சர்ஸை விட இரண்டே புள்ளி அதிகம். ரேஞ்சர்ஸின் பத்தாவது பட்டம் தடுக்கப்பட்டது.

பிறகு மார்ட்டின் ஓ'நீல் வந்ததும் 2000-01-இல் லீக், இரண்டு கோப்பைகள் என மூன்றும் ஒரே சீசனில். 2002-இல் ஸ்காட்லாந்து கால்பந்துப் பத்திரிகையாளர்கள் அவரை அந்த வருஷத்தின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். கோல் அடிக்காத ஆளுக்கு இந்த விருது போவது அபூர்வம். ஹென்ரிக் லார்சன் கோல்களாகக் குவித்துக்கொண்டிருந்த அணியில் இது நடந்தது.

செல்டிக்குடன் மொத்தம் நான்கு லீக் பட்டங்கள்: 1998, 2001, 2002, 2004.

செவில் இறுதி ஆட்டத்திலும் இருந்தாரா?

இருந்தார், கேப்டனாக. 2003 யூஃபா கோப்பை. பிளாக்பர்ன், செல்டா வீகோ, ஸ்டுட்கார்ட், லிவர்பூல், போவிஸ்டா என்று ஒவ்வொருவராகத் தாண்டி செல்டிக் இறுதிக்கு வந்தது. டிக்கெட் இருக்கிறதோ இல்லையோ, ஆயிரம் ஆயிரமாக ரசிகர்கள் ஸ்பெயினுக்குக் கிளம்பிவிட்டார்கள். எதிரே ஜோஸே மொரின்யோவின் போர்ட்டோ. லார்சன் இரண்டு முறை சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் டெர்லேய் முடித்துவிட்டார், 3-2. அதற்கு அடுத்த வருஷம் அதே போர்ட்டோ சாம்பியன்ஸ் லீக்கையே வென்றது.

பல் உடைந்த கதை என்ன?

1999 நவம்பர், ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானம். இடைவேளைக்குச் சற்று முன் யோர்க் ஆல்பெர்ட்ஸைத் தடுக்கப் போய் லாம்பர்ட் முகத்தில் பலமாக அடிபட்டார். தாடை போனது, பற்கள் போயின. அதற்கு மேல் அது பெனால்டி வேறு. வலியோடு அபராதமும்.

அடுத்த சில நாட்களில் 2000-ஆம் வருஷத்து யூரோவுக்கான (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) கடைசித் தகுதிச் சுற்றான பிளே-ஆஃபில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தைச் சந்தித்தது. ஹாம்ப்டனில் 0-2, வெம்ப்ளியில் 1-0, மொத்தத்தில் வெளியே. ஹாம்ப்டனில் இரண்டு கோலும் அடித்தவர் பால் ஸ்கோல்ஸ், பின்னாலிருந்து ஓடி வரும் நடுக்கள வீரர். அப்படி ஓடி வருபவரைப் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த ஆள் வாயில் கட்டோடு வீட்டில் இருந்தார். ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்லும் ஸ்காட்லாந்துக்காரர்களை நான் மறுக்கமாட்டேன்.

நாட்டு அணியில் வேறு என்ன?

1995-இல் முதல் ஆட்டம். 1996 யூரோ அணியில் இடம் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் ஐரோப்பிய சாம்பியன்! 1998 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக ஆடினார். காலின்ஸ் பெனால்டியில் சமன் செய்ய, பிறகு டாம் பாய்ட் மேல் பட்டுப் பந்து சொந்த வலைக்குள் போய் 2-1. நார்வேயுடன் சமன், மொராக்கோவிடம் 3-0 தோல்வி, வழக்கம்போல் முதல் சுற்றோடு மூட்டை கட்டினார்கள். அதன் பிறகு ஸ்காட்லாந்து இன்னொரு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற 2025 நவம்பர் வரை ஆனது, டென்மார்க்கை 4-2 என்று வென்ற அந்த இரவு.

மேனேஜராக வெற்றியா தோல்வியா?

முதல் பாதி ஏற்றம், பிற்பாதி இறக்கம். லிவிங்ஸ்டனில் தொடக்கம் சரியில்லை. வைகம்ப் வாண்டரர்ஸை, நான்காம் மட்ட அணியை, 2007-இல் லீக் கோப்பை அரை இறுதிக்குக் கொண்டுபோய்ச் செல்சியுடன் முதல் ஆட்டத்தில் 1-1 என்று நிறுத்தினார்.

அடுத்தது யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பமாட்டோம். 2009 ஆகஸ்ட் 8, சீசனின் முதல் நாள். லாம்பர்டின் கோல்செஸ்டர் நாரிச் சிட்டியின் மைதானத்துக்குப் போய் 7-1 என்று அடித்தது. சொந்த மண்ணில் நாரிச் வாங்கிய மிக மோசமான அடி. ஒரு வாரத்துக்குள் நாரிச் தன் மேனேஜரை நீக்கியது. இரண்டு வாரத்துக்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், ஏழு அடித்த லாம்பர்ட்! அந்த சீசனிலேயே மூன்றாம் மட்டத்தில் முதலிடம், அடுத்த சீசனில் இரண்டாம் மட்டத்தில் இரண்டாம் இடம், பிரீமியர் லீக், அங்கே 12-வது இடம்.

பிறகு ஆஸ்டன் வில்லா, பிளாக்பர்ன், உல்வ்ஸ், ஸ்டோக், இப்ஸ்விச். ஸ்டோக்கும் இப்ஸ்விச்சும் அவர் கையில் கீழ் மட்டத்துக்கு இறங்கின, இரண்டிலும் நிலைமை மோசமான பிறகுதான் பொறுப்பேற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்ஸ்விச் நாரிச்சின் பரம வைரி. இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர் என்பதால் இரண்டு ஊரிலும் அவரைப் பற்றிப் பேசினால் குரல் உயரும்.

அவர் ஆட்டத்தைப் பார்க்க ஒரே ஓர் ஆட்டம் என்றால் எது? எப்படிப் பார்ப்பது?

மியூனிக் இறுதி ஆட்டம்தான். கோல் தொகுப்பைப் பார்க்காதீர்கள், அதில் அவர் ஒரு கிராஸ் போட்டுவிட்டு மறைந்துவிடுவார். முழு ஆட்டத்தை எடுத்து, முதல் இருபது நிமிஷம் பந்தைவிட்டுவிட்டு யுவென்டஸின் 21-ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். அவர் நடந்தால், நின்றால், கையைத் தூக்கிப் பந்து கேட்டால், பக்கத்தில் மஞ்சள் சட்டையில் 14 தெரியும்.